முப்பத்தஞ்சாவது ஆள்

"பதினேழுக்குப் பதினேழு சரியாப் போச்சு. இந்த முப்பத்தஞ்சாவது ஆள் உங்க கணக்கு," என்றார் ஊதாக் கட்சி வக்கீல்.

"எங்க கணக்கா? மூஞ்சியப் பார்த்தாலே உங்க ஆளுன்னு தெரியுதே," என்றார் மஞ்சள் கட்சி வக்கீல்.

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரம்மாவுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. காலையில் ஊதாக் கட்சியும் மஞ்சள் கட்சியும் ஒரே சாலையின் இரண்டு முனையிலிருந்து ஊர்வலம் கிளம்பி, நடுவில் முட்டிக்கொண்டன. பிடித்து வந்தவர்களில் ஒருவரும் தன் கட்சியை ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால் ரைட்டரம்மா வழக்கம்போலச் சட்டை நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினார். ஊதா பதினேழு, மஞ்சள் பதினேழு.

முப்பத்தஞ்சாவது ஆள் சட்டையே போட்டிருக்கவில்லை.

நாலு மணிக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு எண்ணிக்கை கொடுத்தாக வேண்டும். இரண்டு கட்சி வக்கீல்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போன மாதம் உங்கள் பக்கம் நாற்பது பேர் கைது என்று ஆரம்பித்தார் ஊதா வக்கீல். எங்கள் ஆட்கள் நின்று மாட்டினார்கள், உங்கள் ஆட்கள் ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள் என்றார் மஞ்சள் வக்கீல். தன் பக்கம் கைதானால் போலீஸ் அராஜகம், எதிர்ப்பக்கம் கைதானால் குற்றம். இதைத்தான் இரண்டு பேரும் ஒரு மணி நேரமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் முப்பத்தஞ்சாவது ஆளின் மேல் இருந்தது சாதாரணக் கைகலப்பு வழக்கு இல்லை, வெறுப்புக் குற்றம். சாலையோரம் நின்று, போனில் மனைவியிடம் தன் சொந்த பாஷையில் பேசிக்கொண்டிருந்த ஒரு கூரியர்க்காரரை நாலைந்து பேர் சேர்ந்து அடித்திருந்தார்கள். போலீஸ் போனபோது மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இந்த ஆள் மட்டும் கூரியர்க்காரரின் மேல் கவிழ்ந்து கிடந்தார். கையெல்லாம் ரத்தம். கேட்டால் வாயே திறக்கவில்லை.

வழக்கு நிரூபணமானால் வருஷக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கறை எந்தக் கட்சி மேல் விழும் என்பதுதான் வக்கீல்களின் கவலை. ரைட்டரம்மாவுக்கு அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாஷைக்காக ஒரு மனுஷனை அடிப்பானா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றரை மணிக்குக் கூரியர்க்காரர் தலையில் ஏழு தையலோடு வந்தார். இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாம், நிதானமாகப் பேசினார்.

"இவர் உங்க மேல விழுந்து என்ன பண்ணினார்?" ரைட்டரம்மா கம்பிக்குள் கை காட்டினார்.

"படுத்துக்கிட்டாரு மேடம். அதுக்கப்புறம் விழுந்த அடியெல்லாம் அவர் முதுகுலதான். சட்டையைக் கழட்டி என் தலைக்குக் கட்டினாரு. இவர் இல்லைன்னா நான் இல்ல."

ரைட்டரம்மா எழுந்துபோய் அந்த ஆளின் முதுகைப் பார்த்தார். கன்றிப்போய்க் கிடந்தது. காலையிலிருந்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

முதலில் சுதாரித்தவர் மஞ்சள் வக்கீல். "நான்தான் சொன்னேனே, இவர் எங்க ஆளு."

"யாரு? எங்க வட்டத்துல எல்லாருக்கும் இவரைத் தெரியும்," என்றார் ஊதா வக்கீல்.

சட்டை என்ன நிறம் என்று இருவரும் கூரியர்க்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "கண்ணையும் சேர்த்துக் கட்டிட்டாரு சார், நிறத்தை எங்க பார்க்கறது? ஆஸ்பத்திரியில அதை வெட்டி எறிஞ்சுட்டாங்க," என்றார் அவர். வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் போனை எடுத்துக்கொண்டு டிவிக்காரர்களிடம் பேச வெளியே ஓடினார்கள்.

ரைட்டரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. கம்பிக் கதவைத் திறந்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி, தப்பா நினைச்சுட்டோம். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க," என்றார்.

அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முதல் அடி நான் அடிச்சது மேடம்."

"என்ன சொல்றீங்க?" என்றார் ரைட்டரம்மா.

"கூட்டத்துல இருந்த வெறி. அவர் பேச்சு புரியல, கை ஓங்கிட்டேன். அவ்வளவுதான், மத்தவங்களும் பாய்ஞ்சுட்டாங்க. அவர் போன் கீழ விழுந்தும் அணையல. அந்தம்மா கத்திக்கிட்டே இருந்தாங்க. பாஷை புரியல மேடம், அழுகை புரிஞ்சுது." பதிவேட்டைக் கை காட்டினார். "கட்சி எதுவோ இருக்கட்டும். அடிச்சவன்னு என் பேரை எழுதுங்க."

ரைட்டரம்மா வெளியே வந்தார். கூரியர்க்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, மனைவிக்குப் போன் செய்து தேற்றிக்கொண்டிருந்தார். ரைட்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். உங்களை முதலில் அடித்ததே இவர்தானாம், புகாரில் சேர்க்கட்டுமா என்று கேட்டார்.

கூரியர்க்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"தெரியும் மேடம். அடிக்கும்போது நேருக்கு நேராப் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அடிச்ச அஞ்சு பேர்ல மனசு மாறினது இவர் ஒருத்தர்தான். அவரையும் பிடிச்சு உள்ள வெச்சுட்டா, அடுத்த தடவை மனசு மாற யாருக்கு மேடம் தைரியம் வரும்?"