முகத்தில் விழுந்த வெளிச்சம்

அந்தச் சின்ன அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான், அதுவும் மணமக்களின் முதுகுக்குப் பின்னால். இசக்கிச்செல்வியின் கேமராவில் மணப்பெண் சுடலைவடிவின் முகம் கறுப்பாகவே விழுந்தது. அவள் படம் எடுக்க வந்த முதல் கல்யாணம் இது.

“மணையைக் கொஞ்சம் திருப்பிப் போடலாமா?”

“கிழக்கு பாத்துதாம்மா உக்காரணும்,” என்றார் மாப்பிள்ளையின் மாமா. “பிளாஷ் அடிச்சிரு.”

“அடிச்சா முகம் வெளிறிப் போயிரும். ஒரு வெள்ளை வேட்டிய முன்னால விரிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டு முகத்துல விழும்.”

இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். சுடலைவடிவின் முகம் துலங்கியது. செல்விக்கு மூச்சு வந்தது.

மாப்பிள்ளை வன்னியராஜ் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“மூணாவது நாத்தனார்லா போடணும்? இவனுக்குக் கூடப்பொறந்த பொண்ணு கிடையாதே,” என்றார் மாமா.

“செல்வி போடுவா,” என்றாள் சுடலைவடிவு, தலை நிமிராமல்.

“போட்டோ எடுக்குற பிள்ளையா? அவ ஒனக்கு என்ன முறை?”

“நாத்தனார்தான் மாமா. அவ அண்ணன் தவறிட்டாவ. அதுக்காக இவ எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிருமா?”

வன்னியராஜ் தாலிக்கயிற்றின் முனைகளைச் செல்வியிடம் நீட்டினான். அவள் கேமராவை மாமா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

“கை நடுங்குது, மைனி.”

“ஒங்க அண்ணன் கட்டுனப்பவும் இப்படித்தாம்ளா நடுங்குன. பைய போடு.”