மிளகாய் அரைத்த அம்மி

"இந்த வயசுல யார் பேரைய்யா குத்திக்கினு வந்தே?"

வள்ளியம்மாள் புருஷனை மறித்துக்கொண்டு கேட்டாள். சிங்காரம் முன்கையில் சுற்றியிருந்த பழைய வேட்டிக் கிழிசலை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

திருத்தணி மலையடியில் பச்சை குத்துகிறவளிடம் அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, பக்கத்து வீட்டுச் சந்திரா பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தாள்.

"முருகன் பேரா?"

"இல்லே."

"என் பேரா?"

"அந்த ஆசை வேறயா உனக்கு? போய் மஞ்சளை அரைச்சு எண்ணெயில குழைச்சு எடுத்துகினு வா. அம்முவைப் பொண்ணு பார்க்க வர்றதுக்குள்ள ஆறணும்."

வள்ளியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது பழிக்குப் பழிதான்.

அவள் கையிலும் ஒரு பேர் இருந்தது. ராஜகோபால். மாமன் மகன்; அவளுக்குப் 'பாவா' முறை. பாவாடை கட்டிய வயசிலேயே, பாவாதான் மாப்பிள்ளை என்று பெரியவர்கள் பேசி முடித்துப் பச்சை குத்திவிட்டார்கள். அவன் அரக்கோணத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பேர் மட்டும் இவள் கையில் தங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சிங்காரம் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. ரயில் அரக்கோணத்தில் நின்றால் ஜன்னல் வழியாக ஒரு முறை துப்புவதோடு சரி.

போன தடவை மகள் அம்முவைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவரு?" என்றார்கள். வள்ளியம்மாள் திருதிருவென்று விழித்தாள். வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

அந்தக் கோபத்தில் இப்போது எவள் பேரையோ குத்திக்கொண்டு வந்திருக்கிறார்!

மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவாமலே மஞ்சளை அரைத்தாள்.

"ஐயோ, எரியுதுடீ!" நெய்துகொண்டிருந்த சிங்காரம் தறிக்குழியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஆங், எரியட்டும். அவளையே வந்து ஊதச் சொல்லு."

அப்படியும் மனுஷன் பத்தியம் காத்தார். கருவாட்டைத் தொடவில்லை. கத்தரிக்காயைத் தள்ளி வைத்தார். தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி கையில் படாமல் ஒதுங்கி நின்றார். அரித்தால் சொறியாமல் பல்லைக் கடித்தார். பொருக்கு உதிர்ந்ததா என்று கட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"பெரிய தங்கப் புண்ணு!" என்று வள்ளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முந்தானையால் முன்கையை மூடிக்கொண்டு வள்ளியம்மாள் காபி நீட்டினாள். முந்தானை நழுவியது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ரா...ஜ...கோபால். யாரும்மா அது?"

வள்ளியம்மாள் அவசரமாக முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். கதவோரம் நின்ற அம்முவின் முகம் வெளுத்தது.

சிங்காரம் சட்டைக் கையை மேலே ஏற்றினார். கட்டு இல்லை. புதிதாகக் குத்தியது என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆறியிருந்தது.

அதே பேர்.

"எங்க மூத்த பிள்ளைங்க," என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் ஞாபகமா ரெண்டு பேருமே குத்திக்கினோம். ராஜகோபாலு... வாந்திபேதியில செத்தே போயிட்டான்."

அதைச் சொல்லும்போது அவருக்கு இத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலும் அடங்கியது போலிருந்தது.

"அடப் பாவமே!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணை இப்படி வந்து உட்காரச் சொல்லுங்க."

வள்ளியம்மாள் சமையல்கட்டுக்குள் ஓடினாள். சாம்பலை அள்ளிப் போட்டு, அம்மியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.