பட்டன் டயர்

அர்த்தநாரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தார், சேலத்து டயர்க் கடைக்காரர் ஞானதாஸ்.

"கிழிஞ்சு நாராப் போயிருக்கே! எந்த ஊருங்க?"

அர்த்தநாரி தரையைப் பார்த்தபடி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஓ, அந்த ரோடா! சாதா டயர் ஒரு மாசம் தாங்காதுங்க. பட்டன் டயர் போடுங்க. கல்லு, குழி எதுவானாலும் கவ்விக்கிட்டுப் போகும்."

"அது தார் ரோடுதானுங்களே?"

"தாரை நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று ஞானதாஸ் சிரித்தார்.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நேத்து டயர் வெடிச்சு ஊட்டுக்காரி உழுந்துட்டாளுங்க. கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குது."

"அடப்பாவமே! ரோடு போட்டு ஒரு வருஷம் ஆகலை, உங்க ஊருக்கு மட்டும் இது ஆறாவது பட்டன் டயருங்க. அந்தக் காண்ட்ராக்டர் தன் பொண்டாட்டியைப் பின்னாடி உக்கார வெச்சு ஒரு நாள் அதுல ஓட்டணும். அப்பத்தான் புத்தி வரும்."



ஞானதாஸ் புது டயரை மாட்டி, காற்றடித்து, சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "ஆறு மாசம் காரண்டி உண்டு. பேரு சொல்லுங்க, எழுதித் தாரேன்."

அர்த்தநாரி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அந்த ரோட்டு முனையில் நிற்கும் கல்லில், 'ஒப்பந்தக்காரர்' என்பதற்குக் கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் வெட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று ரசித்தவர் அவர்தான்.

"காரண்டி வேண்டாமுங்க" என்றார்.