அந்தப் பச்சை

தமயந்தி வரைந்த ஓவியங்களில் அவள் கணவன் சேந்தன் கையெழுத்துப் போட்டான். "நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே, யார் பேர் இருந்தா என்ன?" என்றான். விருது வந்தது. பேட்டி எடுத்தவர்களிடம், "என் மனைவிக்கு ஓவியமெல்லாம் ஒண்ணும் புரியாது" என்று சொல்லிச் சிரித்தான். தமயந்தி சண்டை போடவில்லை. தங்கை வீட்டுக்குப் போய், தன் பெயரில் ஓர் இணையதளம் உருவாக்கினாள். ஓவியங்கள் பாதியில் இருந்தபோது கைப்பேசியில் எடுத்த படங்களை அதில் ஏற்றினாள்: வெறும் பென்சில் கோடுகள், இன்னும் கண் வைக்காத முகங்கள், தூரிகை பிடித்த அவளுடைய மருதாணிக் கை. எல்லாம் தயாரான பிறகும் காத்திருந்தாள். சேந்தனின் பெரிய கண்காட்சி தொடங்கிய மாலையில்தான் தளத்தைத் திறந்து, அங்கே போயிருந்த விமர்சகர்களுக்கு முகவரியை அனுப்பினாள். சிறிது நேரத்தில் அவன் அழைத்தான்.

"அதை எடுத்துரு தமயந்தி. எல்லாரும் போனைப் பாத்துட்டு என்னைப் பாக்குறாங்க."

"என்ன கேக்குறாங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "குளத்துப் படத்துல தண்ணிக்கு ஒரு பச்சை இருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"சொல்லுங்க."

யாரோ அவன் அருகில் வந்து அதே கேள்வியை மறுபடி கேட்பது அவளுக்குக் கேட்டது.

"எப்படி வந்துச்சு?" என்று அவன் கெஞ்சினான்.

தமயந்தி அழைப்பைத் துண்டிக்கவில்லை. கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அவன் அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறான் என்று கேட்க நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.