சுவர் என்கிற வாசல்

"அப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா மேடம். அதனாலதான் வேண்டாங்கறேன்."

பி.டி. மாஸ்டர் இப்படிச் சொன்னதும் தலைமை ஆசிரியைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண்ணை விட்டால் பள்ளி அணிக்கு வேறு கோல்கீப்பர் கிடையாது.

"அப்பா செஞ்சதுக்கு அந்தக் குழந்தை என்ன சார் பண்ணும்?"

"ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அந்த அப்பாவை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. நாட்டின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்கில் இந்த ஊர் அணிக்குக் கோல்கீப்பர். 'சுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன சீசனின் கடைசி மேட்ச்சில் தோற்காமல் இருந்தாலே போதும், அணி முதல் டிவிஷனில் தங்கியிருக்கும். ஆட்டம் முடியப்போகிற நேரம். கோலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். அதில் ஒரு சாதாரணப் பந்து உருண்டு வந்தது. சுவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். பந்து அவர் காலடியைத் தாண்டி நிதானமாக உள்ளே போனது.

நிருபர்கள் துளைத்து எடுத்தார்கள். "கவனம் சிதறிடுச்சு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஊர் எல்லையில் 'முதல் டிவிஷன் நகரம் உங்களை வரவேற்கிறது' என்றிருந்த பலகையில் முதல் இரண்டு வார்த்தைகளின் மேல் யாரோ தார் பூசினார்கள். கிளப் அவரைக் கழற்றிவிட்டது. ஊர் அவருடைய பெயரை 'வாசல்' என்று மாற்றிவிட்டது.

ஆள் விலைபோய்விட்டான் என்று முதலில் சொன்னதே பி.டி. மாஸ்டர்தான். பள்ளி விட்டதும் நேராக மைதானத்துக்குப் போய், கோலுக்குப் பின்னாலேயே நின்றவர். கண்ணால் கண்ட சாட்சி. கோல் விழுந்ததும் அவன் திரும்பித் தன்னைப் பார்த்தான், ஒரே நொடி, உடனே தலையைக் குனிந்துகொண்டான், மனசு உறுத்தாமல் இருக்குமா என்று சலூன், பஸ் ஸ்டாண்ட், ஸ்டாஃப் ரூம் எல்லா இடத்திலும் சொல்லிவிட்டார்.

மற்றபடி நல்ல மனிதர்தான். தொழிலில் கொஞ்சம் வெறி. வீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும் விசில்தான் ஊதுகிறார் என்று அவர் மனைவி புலம்புவது வழக்கம்.

கடைசியில் தலைமை ஆசிரியை பிடிவாதமாக அந்தப் பெண்ணை அணியில் சேர்த்தார். பக்கத்துப் பள்ளியோடு மேட்ச். நடுவர் வெளியாள். மாஸ்டர் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எப்போது விடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ எல்லாப் பந்தையும் பிடித்தாள்.

இரண்டாம் பாதியில் அவர் அணிப் பெண் ஒருத்தியை எதிரணியில் யாரோ தள்ளிவிட்டார்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. பந்து கோலை நோக்கி உருண்டு வந்தது. அந்தப் பெண் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பந்து உள்ளே போனது.

நடுவர் ஓடி வந்தார். "ஏம்மா நின்னுட்டே?"

அவள் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். ஒரே நொடி. உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

"கவனம் சிதறிடுச்சு சார்."

கூட்டம் சிரித்தது. 'சின்ன வாசல்' என்று ஒரு குரல் வந்தது. மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து விசில் நழுவி, கழுத்துக் கயிற்றில் தொங்கி ஆடியது.

அதை எப்போது வாயில் வைத்தார், எப்போது ஊதினார், எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வை நினைவிருந்தது. அதே பார்வையை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறார்.

மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்து, கம்பி வேலிக்கு வெளியே தனியாக நின்றிருந்த சுவரிடம் போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அன்னிக்கும்... நான்தானா?"

"பழக்கதோஷம் சார். வேணும்னேவா ஊதினீங்க?"

"சொல்லியிருக்கலாமே நீங்க."

"நடுவர் விசில்னு நெனச்சு நின்னுட்டேன். நீங்க ஊதினது அவர் காதுல விழல. சொன்னாலும் போன கோல் போனதுதான். உங்களைக் கை காட்டியிருந்தா அந்தக் கூட்டம் உங்களை முழுசா வீட்டுக்கு விட்டிருக்குமா?"

மாஸ்டர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாஃப் ரூமில் தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?"

"அவகிட்ட எதுக்கு சார் சொல்லணும்? உங்ககிட்ட படிக்கிற பொண்ணு. உங்க மேல மரியாதை இருக்க வேணாமா?"

அவரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்கோர் சொல்கிற மேஜைக்கு வந்தார். தலைமை ஆசிரியை வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார், நான்தான் கேக்கல. அடுத்த மேட்ச்சுக்கு அவளை எடுத்துடலாம்."

மாஸ்டர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்தப் பொண்ணு அப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. எப்படின்னு நான் சொல்றேன்."