அந்தரத்தில் நிற்கும் ஆடு

மதில் விளிம்பைத் தாண்டிய பிறகும் அந்த ஆடு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பிறகுதான் விழுந்தது. பட்டன் போன் காலத்தில், தீப்பெட்டி அகலத் திரைக்காக வசுமதி எழுதிய விளையாட்டு அது. இப்போது புதிய கேம் கன்சோலில், சுவரை அடைக்கும் தொலைக்காட்சியில், ஆட்டின் ஒவ்வொரு ரோமமும் தெரிய மறுபடி வெளியாகிறது. அசட்டுத்தனத்துக்குப் பட்டுச்சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பழைய மேலாளர் கிருபாகரன் போனில் குழைந்தார். "காத்துல நிக்குதே, அதுக்குத்தான்மா ஜனங்க உயிரை விடுறாங்க. அது மாறாம வரணும்னு பசங்க மூணு மாசம் உழைச்சாங்க. நாளைக்குப் பேட்டி எடுக்க வருவாங்க. நான் சொல்லித்தான் நீ அப்படி வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

அது நிரலில் அவள் செய்த பிழை. திருத்த நேரமில்லாமல் அப்படியே விற்றார்கள். அன்று எட்டுப் பேர் நடுவில், "ஆடு காத்துல நிக்குமா? படிச்சுட்டுத்தான் வந்தியா?" என்று இதே மனிதர் கேட்டார். அவள் கழிவறைக்குப் போய் அழுதாள்.

"சொல்லிடறேன் ச..." என்று பழகிய நாக்கு பாதி சொல்லியும்விட்டது. அவரைவிட அந்த நாக்கின் மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு வந்தது.

"என்னம்மா, சொல்லிடுவேல்ல?"

"நான் நல்லா செஞ்சதையெல்லாம் அப்பவே உங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க சார்," என்றாள். "இந்தத் தப்பு என்னோடது. இதைத் தர மாட்டேன்."