கொல்லைக் குழாய்

“செங்கமலம், உங்க அற்புதசாமி வாத்தியாருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லி அனுப்பிடு. குழாய் ஜோராச் சொட்டறது!”

கொல்லைப்புறத்திலிருந்து கணவன் சௌரிராஜன் குரல் கொடுத்ததும், செங்கமலம் கரண்டியும் கையுமாக ஓடினாள்.

உண்மைதான். குழாய்க்காரன் பல தடவை வந்தும் சரியாகாத குழாய் அது. நேற்று மாலை அவள் தன் கையாலேயே புது வாஷர் போட்டு நிறுத்திய குழாய், இன்று காலையில் ஒன்றுமே நடவாததுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது.

“நேத்து நின்னுதே! நீங்களே விரலை வெச்சுப் பார்த்தேளே!”

“பார்த்தேன். இப்போ காதால கேக்கறேன். நாளைக்குக் காலம்பற வரைக்கும் டயம். அப்பவும் சொட்டினா வகுப்புக்கு முழுக்கு. அதான் பந்தயம்.”

திருச்சியில் மாதர் சங்கம் நடத்தும் வகுப்பு அது. பியூஸ் போனால் கம்பி கட்டுவது, பம்பு ஸ்டவ்வின் அடைப்பை எடுப்பது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது எனச் சனிக்கிழமைதோறும் ஒரு பாடம். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அற்புதசாமி கற்பித்தார். வரும் சனிக்கிழமை சங்கத் தலைவியின் காரையே கொண்டுவந்து நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொல்லித்தரப் போகிறார். அந்த ஒரு நாளுக்காகவே செங்கமலம் மற்றப் பாடங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

“நம்மாத்துல காரே இல்லையேடி?” என்று சௌரிராஜன் கேட்டதற்கு,

“சக்கரம் தெரிஞ்சுண்டு வரேன். மிச்சக் காரை நீங்க வாங்குங்கோ” என்று சொல்லியிருந்தாள்.

மாமியார் பெருந்தேவியம்மாளுக்குத்தான் அடியோடு பிடிக்கவில்லை. “கோவிலைச் சுத்தின உத்தர வீதியிலே வாழ்க்கைப்பட்டவ, ஸ்பேனரைத் தூக்கிண்டு பஸ் ஏறறதாவது!” என்று முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் முடிந்ததும் செங்கமலம் குழாயைக் கழற்றினாள். உள்ளேயிருந்த தோல் வாஷரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

தேய்ந்துபோன வாஷர் அப்படி இராது. விளிம்பில், அளவெடுத்தாற்போல ஒரு வெட்டு. கத்தி பட்ட வெட்டு!

வீட்டில் இருப்பவர்கள் மூன்றே பேர். சௌரிராஜனுக்கு வாஷர் குழாயின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே தெரியாது.

செங்கமலத்தின் கண்கள் கலங்கின. பிடிக்காவிட்டால் போகாதே என்று நேரே சொல்லியிருக்கலாமே! இப்படியா ஒருத்தியைத் தோற்கடிப்பது?

யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வேறு வாஷர் போட்டு மூடினாள்.

அந்த வீட்டில், காலை வேளையில் கொல்லைப்புறம் பெருந்தேவியம்மாளின் ராஜ்யம், செங்கமலத்துக்குத் தளிகையறை. மறுநாள் விடியற்காலையில் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, விறகுக் கொட்டகையின் மறைவில் போய் நின்றாள். குழாயில் தண்ணீர் வர இன்னும் சிறிது நேரம் இருந்தது.

பெருந்தேவியம்மாள் குளித்து, மடிசார்ப் புடைவையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். கையில் செங்கமலம் பார்த்தேயிராத ஒரு பழைய ஸ்பேனர். ஊறுகாய் ஜாடியைத் திறப்பதுபோலக் குழாயைத் திறந்தாள். வாஷர் வெளியே வந்தது, கத்தியும் வந்தது.

“அம்மா!” செங்கமலம் மறைவிலிருந்து வெளியே வந்தாள். “நான் ஒருநாள் கார் சக்கரத்தைத் தொட்டுடப் போறேன்னா, இவ்வளவு பண்ணணும்?”

“மெதுவாப் பேசுடி. பக்கத்தாத்துக்குக் கேக்கும்.”

அப்போது கொல்லைக் கதவு திறந்தது. வீட்டின் பின்பக்கச் சந்தைப் பெருக்கும் ராக்கம்மாள் உள்ளே வந்து, குழாய்க்கு நேர்கீழே ஒரு குடத்தை வைத்துவிட்டு, விலகிப் போய் நின்றாள்.

“இன்னிக்குச் சொட்டுமுங்களாம்மா?”

“சொட்டும். நீ போய் வேலையைப் பாரு.”

ராக்கம்மாள் விளக்குமாற்றுடன் சந்துக்குப் போனாள். பெருந்தேவியம்மாள் நிமிராமலே பேசினாள்.

“அவ இருக்கற பக்கம் குழாய் கிடையாது. கொள்ளிடம் வரைக்கும் நடக்கணும். கைக்குழந்தைக்காரி. நான் திறந்துவிட்டா வீதி என்னைக் கேக்கும். அவ திறந்தா, தொட்டுட்டான்னு வேலையை விட்டே துரத்திடுவா. ரிப்பேரான குழாய் தானாச் சொட்டினா, யாரை என்னன்னு கேக்கறது?”

“அப்போ, அந்தக் குழாய்க்காரன் வந்து வந்து தோத்துப்போனது...”

“பாவம், அவன் நன்னாத்தான் போட்டுட்டுப் போவான்.” பெருந்தேவியம்மாளின் முகத்தில் வெட்கமும் சிரிப்பும் கலந்து வந்தன. “தப்புதான். கதவைத் திறந்து வெச்சு, ‘எடுத்துக்கோடி’ன்னு சொல்லணும். எனக்கு இருக்கற தைரியம் இவ்வளவுதான்.”

 செங்கமலம் மாமியாரின் கையிலிருந்த வாஷரை வாங்கிப் பார்த்தாள்.

“ஒரு வெட்டு போறாதும்மா. குடம் நிறைய ரொம்ப நாழியாகும்.”

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வெட்டு வெட்டி, வாஷரை உள்ளே பொருத்தி, தன் கையாலேயே முடுக்கினாள்.

காபிக்கு வந்த சௌரிராஜன் கொல்லைப் பக்கம் காதைக் கொடுத்தான். குடத்தில் சொட்டுகள் பெரிதாகவே விழுந்துகொண்டிருந்தன.

“என்ன, நின்னுதா?”

“நிக்கலை. எனக்கு இந்த வேலை வரலை” என்றாள் செங்கமலம். சங்கத் தலைவியின் கார் ஒரு கணம் கண்ணெதிரே வந்து நின்று, அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

“அப்படீன்னா பந்தயப்படி இன்னியோட வகுப்பை நிறுத்திடணும்.”

தளிகையறையிலிருந்து பெருந்தேவியம்மாளின் குரல் அதட்டலாக வந்தது.

“அதெப்படிடா நிறுத்தறது? இத்தனை நாள் போயும் ஒரு வாஷர் போடத் தெரியலையே இவளுக்கு! ஒழுங்காக் கத்துக்கற வரைக்கும், ஒரு சனிக்கிழமை தவறாம போயிட்டு வரட்டும்!”